இங்கிலாந்தின் புதுச் செவ்வியல் கால வெள்ளிக் கலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் லண்டன், பர்மிங்காம், ஷெஃபீல்ட் ஆகிய நகரங்களில் உருவான வெள்ளிக் கலங்களை அருங்காட்சியகங்களில் பார்த்தவர்களும், பழைய பொருள் கடைகளில் வாங்க நினைப்பவர்களும் பொதுவாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இந்த விடைகள் பலவற்றில் ஒரு கருத்து ஊடாடி வரும். கலத்தின் அடியில் ஒருவருடைய முதலெழுத்துகள் மட்டுமே பதிந்திருந்தாலும் அதை உருவாக்கியவை பல கைகள். அந்தக் கைகளைக் கணக்கில் கொள்ளாமல் இக்காலத்து வெள்ளி வேலையைச் சரியாக மதிப்பிட இயலாது.

புதுச் செவ்வியல் காலம் என்று எந்த ஆண்டுகளைச் சொல்கிறார்கள்?

பழங்காலக் கிரேக்க, ரோமானியக் கலை வடிவங்களைப் பின்பற்றியதே புதுச் செவ்வியல் பாணி. வெள்ளி வேலையைப் பொறுத்தவரை அதன் காலத்தை ஏறத்தாழ 1760-களின் தொடக்கத்திலிருந்து 1830 வரை என்று கொள்ளலாம். இதற்குள் இரண்டு கட்டங்கள் உள்ளன. 1800 வரையிலான முதற்கட்டக் கலங்கள் மெல்லியவை, ஒடுங்கிய வடிவமும் அடக்கமான அலங்காரமும் கொண்டவை. கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடமின் பெயரால் இதை ஆடம் பாணி என்பார்கள். அதன் பிறகு வந்த, இளவரசர் ஜார்ஜ் அரசருக்குப் பதிலாக ஆண்ட காலத்தின் பெயரால் ரீஜன்சி எனப்படும் கட்டத்தில் கலங்கள் கனத்தன, சிற்ப வேலை மிகுந்தது, தங்க முலாம் பெருகியது.

அதற்கு முன்பிருந்த பாணியை இங்கிலாந்து ஏன் கைவிட்டது?

முன்பிருந்தது ரொக்கோக்கோ. கிளிஞ்சல்களும் அலைகளும் சுருள் இலைகளும் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு, இடமும் வலமும் ஒத்துப்போகாமல் நெளிவதே அதன் அழகு. 1751-இல் மறைந்த லண்டன் வெள்ளிக் கொல்லர் பால் டி லாமெரியின் கலங்களில் அப்பாணி அதன் உச்சத்தைத் தொட்டது. அவர் காலத்திலேயே இத்தாலியில் ஒரு மாற்றம் தொடங்கிவிட்டது. எரிமலைச் சாம்பலுக்கு அடியில் புதைந்திருந்த ஹெர்குலேனியத்தில் 1738-இலும் பாம்பேயில் 1748-இலும் அகழ்வு தொடங்கியது. அதுவரை கோயில் தூண்களையும் வெற்றி வளைவுகளையும் மட்டுமே பார்த்துப் பழைய உலகைக் கற்பனை செய்துவந்த ஐரோப்பியர்கள், ரோமானியர்கள் வீட்டில் புழங்கிய விளக்கையும் கிண்ணத்தையும் சுவர் ஓவியத்தையும் முதன்முறையாக நேரில் கண்டார்கள்.

கல்விப் பயணமாக இத்தாலிக்குச் சென்ற ஆங்கிலேயப் பிரபுக்களின் பிள்ளைகள் இந்த ரசனையோடு ஊர் திரும்பினார்கள். ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் நிக்கலஸ் ரெவெட்டும் ஏதென்ஸ் நகரின் தொல்சின்னங்களை அளந்து வரைந்த நூலின் முதல் தொகுதி 1762-இல் வந்தது. நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த சர் வில்லியம் ஹாமில்டன் சேர்த்த பழங்காலக் கிரேக்க மட்கலங்களைப் பிரிட்டிஷ் மியூசியம் 1772-இல் வாங்கியது. மட்பாண்டக்காரர் ஜோசையா வெட்ஜ்வுட் முதல் வெள்ளிக் கொல்லர்கள் வரை பலரும் அந்தக் கலங்களின் வடிவத்தைப் படித்தார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் சர்க்கரை, சாஸ், தேநீர், காப்பி என எதை ஊற்றி வைப்பதானாலும் அந்த ஜாடி வடிவமே முதலில் நினைவுக்கு வந்தது.

ஒரு கலத்தைப் பார்த்தவுடன் இந்தப் பாணியை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் வெளிக்கோட்டைப் பார்க்க வேண்டும். குறுகிய பாதம், மேல்நோக்கி விரியும் வயிறு, ஒடுங்கும் கழுத்து, கூம்பு போன்ற மூடி, இரு பக்கமும் உயர்ந்து வளையும் கைப்பிடிகள் என்று நடுவில் ஒரு கோடு கிழித்தால் இரு பாதியும் ஒன்றாக இருக்கும். அடுத்தது அலங்காரம்: தோரணமாகத் தொங்கும் பூமாலை, ஆட்டுக்கடாத் தலை, நீள்வட்டப் பதக்கம், விளிம்பில் வரிசையாக முத்துகள், அகாந்தஸ் இலை, விசிறிபோல் விரியும் தேன்பூ, கிரேக்கக் கட்டக் கோலம். மெழுகுவர்த்தித் தாங்கிகள் கொரிந்தியத் தூணின் வடிவில் நிற்கும். அலங்காரங்களுக்கு இடையே வெறுமையாக விடப்பட்ட வெள்ளிப் பரப்பும் அப்பாணியின் பகுதியே. நல்ல கலத்தில் அந்த வெறுமைதான் கண்ணை முதலில் ஈர்க்கும்.

ராபர்ட் ஆடம் வெள்ளிக் கொல்லரா?

இல்லை. ஸ்காட்லாந்தில் 1728-இல் பிறந்து 1792-இல் மறைந்த கட்டடக் கலைஞர் அவர். 1750-களில் இத்தாலியில் தங்கிப் படித்துத் திரும்பிய பின், ஒரு வீட்டைக் கட்டினால் அதன் சுவர்ச் சாந்து வேலை, கூரை, தரைவிரிப்பு, நாற்காலி, கணப்பு அடுப்பு, சாப்பாட்டு மேசையின் சாஸ் கிண்ணம் ஆகிய அனைத்தும் ஒரே கோலத்தைப் பேச வேண்டும் என்று வற்புறுத்தினார். டெர்பிஷயரில் உள்ள கெடல்ஸ்டன் மாளிகையின் சாப்பாட்டு அறையில் வெள்ளிக் கலங்களைக் காட்சிக்கு வைப்பதற்கென்றே அவர் ஒரு மாடத்தை வடிவமைத்தார். யார்க்‌ஷயரின் ரிச்மண்ட் குதிரைப் பந்தயத்துக்காக அவர் வரைந்த வெற்றிக் கோப்பையை டேனியல் ஸ்மித்தும் ராபர்ட் ஷார்ப்பும் வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசினார்கள்.

ஆயினும் அக்காலக் கொல்லர்களில் பெரும்பாலோர் ஆடமிடம் நேரடியாக வேலை பெற்றவர்கள் அல்லர். அவரும் அவருடைய தம்பி ஜேம்ஸும் 1773 முதல் வெளியிட்ட வடிவமைப்புப் படங்களையும், பிறர் வெளியிட்ட அச்சுப் படங்களையும், பக்கத்துப் பட்டறையில் ஆறிக்கொண்டிருந்த கலங்களையும் பார்த்தே அவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஆடமின் மூல வரைபடங்களில் ஏறத்தாழ 9,000 தாள்கள் லண்டனின் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன.

இக்காலக் கலங்கள் பல மிகவும் மெல்லியவையாக இருக்கின்றனவே, அது தரக்குறைவு ஆகாதா?

கனமே தரம் என்று பழகிய கைக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் மெல்லிய தகட்டின் பின்னால் ஒரு புதிய தொழில்நுட்பமும் அதற்கேற்ற புதிய அழகும் இருக்கின்றன.

பழைய முறையில் கொல்லர் வெள்ளிப் பாளத்தைச் சம்மட்டியால் அடித்து விரித்து, காய்ச்சிப் பதமாக்கி, மீண்டும் அடித்து, ஒரு தட்டையான வட்டத்திலிருந்து முழுக் கலத்தையும் எழுப்புவார். அதற்குப் பல நாள் உழைப்பும் நிறைய வெள்ளியும் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருளைகளுக்கு இடையே அழுத்திய சீரான தகடு எளிதில் கிடைத்தது. அதை வெட்டி, வளைத்து, கைப்பிடிக்குப் பின்னால் மறையும் இடத்தில் பற்றவைத்தால் தேநீர்க் கெண்டியின் உடல் தயாராகிவிடும். முத்துவரிசை விளிம்பு கம்பியாகவே வந்தது. மாலைத் தோரணங்களையும் பதக்கங்களையும் எஃகு அச்சில் அடித்தெடுத்து மேலே ஒட்டினார்கள். நேர்ச் சுவரும் நீள்வட்ட அடித்தளமும் கொண்ட கெண்டிகள் அக்காலத்தில் பெருகியதற்கு இந்த முறை பெரிய காரணம். வளைவுகள் நிறைந்த ரொக்கோக்கோ வடிவங்களை இப்படி எளிதாகத் தகட்டில் மடக்க இயலாது.

மெல்லிய தகட்டில் ஆழமான நகாசு வேலை செய்ய முடியாது என்பதால் அலங்காரமும் மாறியது. 1770-களிலிருந்து பரவிய பளிச்சிடும் செதுக்கு வேலை இதற்கு உகந்ததாக அமைந்தது. நன்கு மெருகேற்றிய உளி முனையைச் சாய்த்துப் பிடித்துச் சிறு சிறு வெட்டுகளாக எடுத்துச் சென்றால் ஒவ்வொரு வெட்டின் சாய்ந்த பக்கமும் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கலம் சற்றே அசைந்தாலும், அந்த மாலையும் இலையும் மின்னி மின்னி ஓடும். இக்காலத்தின் மிகச் சிறந்த வேலை எது என்று கேட்டால், பின்னர் வந்த பெரிய தங்க முலாம் கோப்பைகளைவிட இந்தச் செதுக்கு வேலை கொண்ட எளிய கெண்டிகளையே நான் முன்வைப்பேன். 1784-இல் அவுன்சுக்கு 6 பென்ஸ் என்று வரி மீண்டும் விதிக்கப்பட்டதும் 1797-இல் அது 1 ஷில்லிங்காக, அதாவது 12 பென்ஸாக, உயர்ந்ததும் எடையைக் குறைக்க மேலும் ஒரு தூண்டுதலாயின.

மேத்யூ போல்டன் எதற்காக நினைவுகூரப்படுகிறார்?

பர்மிங்காம் அருகே சோஹோ என்ற இடத்தில் 1760-களில் பெரிய தொழிற்சாலை ஒன்றை எழுப்பியவர் அவர். கூட்டாளி ஜான் ஃபாதர்கில்லுடன் பொத்தான், கொக்கி முதல் வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கி வரை அங்கே உற்பத்தி செய்தார். ஜேம்ஸ் வயட் போன்ற கட்டடக் கலைஞர்கள் அவருக்கு வடிவமைப்புகளைத் தந்தார்கள். ஆனால் பர்மிங்காமில் வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் அலுவலகம் இல்லாததால், செய்த ஒவ்வொரு கலமும் 110 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள செஸ்டர் நகருக்கு வண்டியில் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. அங்கே சரியாகக் கட்டி அனுப்பாததால் மெருகிட்ட கலங்கள் கீறலும் நசுங்கலுமாகத் திரும்பின. ஒருவர் மாதக்கணக்கில் உழைத்த செதுக்கு வேலை வழியிலேயே பாழாவதை அவரால் ஏற்க முடியவில்லை.

ஷெஃபீல்ட் நகரத்தாருடன் சேர்ந்து அவர் பாராளுமன்றத்தில் முறையிட்டார். லண்டன் பொற்கொல்லர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. இருந்தும் 1773-இல் சட்டம் நிறைவேறி இரு நகரங்களுக்கும் தனித்தனி அலுவலகங்கள் கிடைத்தன. பர்மிங்காமுக்கு நங்கூரமும் ஷெஃபீல்டுக்குக் கிரீடமும் சின்னங்களாயின. இரு ஊராரும் லண்டனில் கூடிப் பேசிய விடுதியின் பெயர் கிரீடமும் நங்கூரமும் என்பதால் இவற்றைத் தேர்ந்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கடலே எட்டாத பர்மிங்காமின் வெள்ளியில் நங்கூரம் இருப்பதற்கு இதைவிட நிறைவான விளக்கம் வேறில்லை. 1773 ஆகஸ்ட் 31 அன்று பர்மிங்காம் அலுவலகம் திறந்தபோது முதல் நாளிலேயே போல்டனின் கலங்கள் சோதனைக்கு வந்தன.

வெள்ளித் தொழில் அவருக்கு லாபம் தரவில்லை. 1775 முதல் ஜேம்ஸ் வாட்டுடன் சேர்ந்து அவர் விற்ற நீராவி இயந்திரமே அவருக்குப் புகழும் பொருளும் ஈட்டியது.

கலத்தின் அடியிலுள்ள முத்திரைகளை எப்படி வாசிப்பது?

நம் ஊரில் தங்க நகைக்கு இன்று இடும் ஹால்மார்க் முத்திரையின் பெயரே லண்டன் பொற்கொல்லர் சங்க மண்டபத்திலிருந்து வந்ததுதான். சோதனை அலுவலகத்தில் கலத்திலிருந்து சிறிது வெள்ளியைச் சுரண்டி, ஈயத்துடன் உருக்கிப் புடமிட்டு மாற்றுப் பார்ப்பார்கள். தேறினால் முத்திரைகளை அடிப்பார்கள்.

நடந்து செல்லும் சிங்கம், ஆயிரத்துக்கு 925 பங்கு தூய வெள்ளி என்ற ஸ்டெர்லிங் தரத்தைக் குறிக்கும். கிரீடம் அணிந்த சிறுத்தைத் தலை லண்டனையும், நங்கூரம் பர்மிங்காமையும், தனிக் கிரீடம் ஷெஃபீல்டையும் குறிக்கும். ஆண்டைக் காட்டும் எழுத்து ஊருக்கு ஊர் மாறும். லண்டனில் 20 எழுத்துகள் கொண்ட சுற்று வழக்கில் இருந்தது; 1776-இல் சிறிய ‘ஏ’ எழுத்தில் ஒரு சுற்று தொடங்கி 1795-இல் ‘யு’ எழுத்தில் முடிந்தது. அந்த எழுத்து மே மாத இறுதியில் மாறியதால் ஒரே எழுத்து இரண்டு ஆண்டுகளைத் தொடும். 1784 டிசம்பர் 1 முதல் வரி கட்டியதற்கு அடையாளமாக அரசரின் தலை உருவமும் சேர்ந்தது; 1786 வரை அது உள்ளே குழிந்த உருவமாகவும், அதன் பிறகு மேலெழுந்த உருவமாகவும் இருக்கும். குழிந்த தலை கிடைத்தால் அந்தக் கலத்தின் காலம் ஏறத்தாழ பதினெட்டு மாதங்களுக்குள் அடங்கிவிடும். ஐந்தாவது முத்திரையில் முதலெழுத்துகள் இருக்கும்.

அந்த முதலெழுத்துகள் கலத்தைச் செய்தவருடையவை அல்லவா?

பெரும்பாலும் அப்படி நினைத்துவிடுகிறோம். சட்டப்படி அவை, வெள்ளியின் மாற்றுக்குப் பொறுப்பேற்று அதைச் சோதனைக்கு அனுப்பியவரின் எழுத்துகள். அவர் கொல்லராக இருக்கலாம், பட்டறை முதலாளியாக இருக்கலாம், கடைக்காரராகவும் இருக்கலாம்.

ஷெஃபீல்டில் மெல்லிய தகட்டை அச்சில் அடித்து, உள்ளே குங்கிலியப் பிசின் நிரப்பிக் கனப்படுத்திய மெழுகுவர்த்தித் தாங்கிகளை லண்டன் கொல்லர்கள் மொத்தமாக வாங்கினார்கள். ஷெஃபீல்ட் செய்முறையாளரின் எழுத்துகள் மேல் தன் எழுத்துகளை அடித்த ஜான் கார்ட்டரின் தாங்கிகள் பல இன்றும் கிடைக்கின்றன. உற்று நோக்கினால் அடியிலுள்ள பழைய எழுத்தின் ஓரம் தெரியும். லண்டனின் பெரிய கடையான பார்க்கர், வேக்லின் நிறுவனத்தின் கணக்கேடுகள் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. கரண்டியை ஒருவர், தட்டை ஒருவர், கூடையின் துளை வேலையை ஒருவர், குடும்பச் சின்னத்தைச் செதுக்குவதை இன்னொருவர் என்று வேலை பங்கிட்டுக் கொடுக்கப்பட்டதை அவை காட்டுகின்றன. அச்சு வெட்டியவர், தகடு உருட்டியவர், மெருகேற்றிய பெண்கள் ஆகியோர் எந்த முத்திரையிலும் இடம் பெறவில்லை.

ஹெஸ்டர் பேட்மேன் தம் கையாலேயே இவ்வளவு கலங்களையும் செய்தாரா?

செய்திருக்க முடியாது. அதனால் அவருடைய பெருமை குறையவும் இல்லை. 1708-இல் பிறந்த அவர், தங்கச் சங்கிலி செய்துவந்த கணவர் ஜான் 1760-இல் இறந்தபோது பட்டறைக் கருவிகளைப் பெற்றார். அடுத்த ஆண்டே லண்டன் பொற்கொல்லர் மண்டபத்தில் தம் முத்திரையைப் பதிவு செய்தார். பன்ஹில் ரோ என்ற தெருவில் இருந்த பட்டறை தொடக்கத்தில் பிற கொல்லர்களுக்கு வேலை செய்துகொடுத்துப் பிழைத்தது. 1770-களின் நடுவிலிருந்து அவருடைய எழுத்துகள் தாங்கிய கரண்டிகள், கெண்டிகள், பாற்குவளைகள், உப்புக் கிண்ணங்கள் ஏராளமாக வெளிவந்தன. முத்துவரிசை விளிம்பும் பளிச்சிடும் செதுக்கு வேலையும் அவற்றின் அடையாளம். அரண்மனைக்கு அல்லாமல், முதன்முறையாக வெள்ளி வாங்கும் வசதி பெற்ற வணிகர், மருத்துவர், பாதிரியார் குடும்பங்களுக்கு அவர் விற்றார். 1790-இல் ஓய்வு பெற்றார், 1794-இல் மறைந்தார். மகன்கள் பீட்டர், ஜோனத்தான், மருமகள் ஆன், பேரன் வில்லியம் எனக் குடும்பம் தொழிலைத் தொடர்ந்தது.

அவரைத் தனித்த கைவினை மேதையாகக் காட்டுவதைவிட, புதிய தகட்டு முறையின் வாய்ப்பைச் சரியாகக் கணித்து, ஒரு பட்டறையை முப்பது ஆண்டுகள் நடத்திக் காட்டிய தலைவியாகக் காண்பதே பொருத்தமானது. கணவரை இழந்து பட்டறையை ஏற்ற லூயிசா கோர்ட்டோல்ட் போன்ற பெண்களும் அதே காலத்தில் தங்கள் முத்திரைகளைப் பதிந்திருந்தார்கள்.

ஷெஃபீல்ட் பிளேட் என்பது வெள்ளியா?

செம்பின்மேல் வெள்ளி. ஷெஃபீல்டைச் சேர்ந்த தாமஸ் பௌல்சோவர் 1740-களின் தொடக்கத்தில், செம்புப் பாளத்தையும் வெள்ளித் தகட்டையும் சூட்டில் ஒன்றாக இணைத்து உருட்டினால் இரண்டும் பிரியாமல் சேர்ந்தே விரியும் என்று கண்டார். கெட்டி வெள்ளியின் தோற்றம் குறைந்த விலையில் கிடைத்தது. வெட்டிய விளிம்பில் செம்பு தெரியாதிருக்க வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பற்றவைத்தார்கள். குடும்பச் சின்னம் செதுக்கும் இடத்தில் உளி செம்பைத் தொட்டுவிடாதபடி தூய வெள்ளித் துண்டு ஒன்றைப் பதித்தார்கள். தேய்ந்த இடங்களில் இளஞ்சிவப்பாகச் செம்பு எட்டிப் பார்க்கும். 1840-இல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்சாரத்தால் வெள்ளி பூசும் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு இம்முறை மறைந்தது. ஈ.பி.என்.எஸ். என்று பொறித்த கரண்டிகள் அந்த மின்முலாம் வகை. அவை இக்காலத்தைச் சேர்ந்தவை அல்ல.

தேநீருக்கும் இந்த வெள்ளிக்கும் அவ்வளவு நெருக்கம் ஏன்?

1784-இல் பாராளுமன்றம் தேயிலை வரியை 119 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைத்தது. கடத்தல் தேயிலை குறைந்து, நடுத்தர வீடுகளிலும் தேநீர் அன்றாடப் பழக்கமானது. கெண்டி, அதன் கீழே மேசை கருகாமல் காக்கும் சிறு தட்டு, பூட்டுள்ள தேயிலைப் பெட்டி, உள்ளே நீலக் கண்ணாடிக் கிண்ணம் வைத்த துளை வேலைச் சர்க்கரைக் கூடை என்று ஒரு முழு வரிசை உருவானது. பெரிய ஜாடி வடிவ வெந்நீர்க் கலங்கள் சிலவற்றில் காய்ச்சிய இரும்புத் துண்டை நடுக்குழாயில் இறக்கி நீரைச் சூடாக வைத்திருந்தார்கள். உப்புக் கிண்ணங்களிலும் நீலக் கண்ணாடி இருப்பதற்குக் காரணம், உப்பு வெள்ளியை அரித்துவிடும் என்பதே.

பால் ஸ்டோர் இந்தக் காலத்தவரா?

ஆம், அதன் இரண்டாம் கட்டத்தவர். ஸ்வீடனிலிருந்து வந்த ஆண்ட்ரூ ஃபோகல்பெர்க்கிடம் தொழில் பயின்று, 1792-இல் முத்திரை பதிந்தார். 1807 முதல் 1819 வரை லட்கேட் ஹில்லில் இருந்த ரண்டல், பிரிட்ஜ் அண்ட் ரண்டல் என்னும் அரச நகைக்கடைக்காகப் பெரிய பட்டறையை நடத்தினார். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் மாளிகையின் இடிபாடுகளில் கிடைத்த, வார்விக் ஜாடி எனப்படும் பெரிய பளிங்குக் கலத்தைச் சிறிதாக்கி, மது குளிர்விக்கும் வெள்ளிக் கலங்களாக அவர் செய்தவை புகழ்பெற்றவை. பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசர், 4,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் கொண்ட விருந்துத் தொகுதியை இந்தக் கடையிடமிருந்து திரட்டினார். அரச விருந்துகளில் அவை இன்றும் மேசைக்கு வருகின்றன.

ஹோமரின் காவியத்தில் வரும் அகிலீஸின் கேடயத்தைச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் வடிவமைக்க, அது 1821-இல் தங்க முலாமிட்ட வெள்ளியில் உருவாகி நான்காம் ஜார்ஜின் முடிசூட்டு விருந்தில் வைக்கப்பட்டது. அதில் பதிந்துள்ள எழுத்துகள் கடை முதலாளி பிலிப் ரண்டலுடையவை. அந்த வானத்தையும் நகரங்களையும் அறுவடையையும் வெள்ளியில் எழுப்பிய கொல்லர்களின் பெயர் அதில் இல்லை.

இந்தியாவில் இப்பாணியில் கலங்கள் செய்யப்பட்டனவா?

செய்யப்பட்டன. கல்கத்தாவில் 1808-இல் தொடங்கிய ஹாமில்டன் நிறுவனமும், சென்னையில் ஜார்ஜ் கார்டன் நிறுவனமும் கம்பெனி அதிகாரிகளின் சாப்பாட்டு மேசைக்கு ஆங்கில வடிவங்களில் கலங்களைச் செய்தன. பட்டறையில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியக் கைவினைஞர்கள். இங்கே அரசுச் சோதனை அலுவலகம் இல்லாததால் அக்கலங்களில் நிறுவனத்தின் சொந்த முத்திரைகளே இருக்கும்.

இவற்றை எப்படிச் சுத்தம் செய்வது?

மென்மையான துணியும் வெதுவெதுப்பான நீரும் சிறிது சோப்பும் போதும். விபூதியோ பல்பொடியோ போட்டுத் தேய்க்கும் நம் வீட்டு வழக்கத்தை இவற்றுக்குக் கொண்டுவர வேண்டாம். பளிச்சிடும் செதுக்கு வேலையின் கூர்மை சில ஆண்டுகளில் மழுங்கிவிடும். பிசின் நிரப்பிய தாங்கிகளை வெந்நீரில் அமிழ்த்தக் கூடாது.

எங்கே பார்க்கலாம்?

லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், பர்மிங்காமில் போல்டன் வாழ்ந்த சோஹோ இல்லம், லீட்ஸ் அருகே டெம்பிள் நியூசம் ஆகியவை முக்கியமானவை. அமெரிக்காவில் வாழ்பவர்கள் மாசசூசெட்ஸின் கிளார்க் கலை நிறுவனத்துக்குச் செல்லலாம். வாஷிங்டனில் உள்ள பெண் கலைஞர்களுக்கான தேசிய அருங்காட்சியகம் பெண் வெள்ளிக் கொல்லர்களின் கலங்களைத் தனியே சேர்த்திருக்கிறது.

வாங்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆடம் பாணி மீண்டும் விரும்பப்பட்டபோது அதே மாலைகளும் ஆட்டுக்கடாத் தலைகளும் கொண்ட புதிய கலங்கள் ஏராளமாக வந்தன. அவற்றில் அந்தந்த ஆண்டின் எழுத்து நேர்மையாகவே பதிந்திருக்கும். வடிவத்தை மட்டும் பார்த்துக் காலம் சொன்னால் தவறு நேரும். வெறுமையான பரப்புக் கொண்ட பழைய கலங்களில் விக்டோரியா காலத்தார் பூவும் கொடியும் புடைப்பாகச் சேர்த்ததும் உண்டு. அது கலத்தின் மதிப்பைப் பெரிதும் குறைக்கும். மூடிக்கும் உடலுக்கும் தனித்தனி முத்திரைகள் இருந்தால் இரண்டின் ஆண்டும் எழுத்துகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். குடும்பச் சின்னம் இருந்திருக்கக்கூடிய இடத்தில் மூச்சை ஊதிப் பார்த்தால், சுரண்டி நீக்கிய செதுக்கலின் சாயல் ஆவிப்படலத்தில் தெரியும். அங்கே விரலால் மெல்ல அழுத்தித் தகடு உள்வாங்கினால், விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது வாங்காமல் விட்டுவிடலாம்.